பாசியைப் பிரிக்காமல் நடவும்

"மொட்டு விட்டுச்சா?" என்று மனைவி போனில் கேட்டபோது லேப்காரர் கொல்லைப்புறத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் போன். வலது கையில், லேசாகத் தொட்டதற்கே மண்ணிலிருந்து கழன்று வந்துவிட்ட ஆறாவது லில்லி.

மற்ற ஐந்தும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. இதுதான் கடைசி. "எல்லாம் செத்துப் போச்சும்மா" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார்.

"விட்டுடுச்சு" என்றார்.

"எத்தனை?"

"ஆறும்."

பொய் என்று இறங்கியபின் இரண்டு, மூன்று என்று கஞ்சத்தனம் காட்டுகிற சுபாவம் அவருக்கு இல்லை. "நிஜமாவாங்க?" என்று அவள் கேட்ட குரல் லேசாக உடைந்திருந்தது. அந்தக் குரல்தான் அவரைக் கவிழ்த்துவிட்டது. அதைக் கேட்ட பிறகும் உண்மையைச் சொல்ல ஒரு மனுஷனுக்குக் கல் நெஞ்சு வேண்டும். லேப்காரருக்கு அது வாய்க்கவில்லை.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்க்கணும்போல இருக்கு" என்றாள்.

அவர் கையிலிருந்த ஆறாவதை மறுபடி மண்ணில் செருகிப் பார்த்தார்.

ஒரு பூவுக்காகவா இப்படிப் புளுகுவார் என்று கேட்காதீர்கள். பூவுக்காக இல்லை, பெண்டாட்டிக்காக. அவருடைய மனைவி நர்ஸ். குளிர் தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனவள். அந்த மூன்று வருஷமும் முடியப் போகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

லேப்காரர் ஒரு பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். பத்தொன்பது வருஷமாக டெஸ்ட் ட்யூப் கழுவுகிறவர். இதுவரை ஒன்றுகூட அவர் கையால் உடைந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் கண்ணாடியைக் காப்பாற்றத் தெரிந்த அந்தக் கைக்கு உயிருள்ளதைக் காப்பாற்றத் தெரியாது. அவள் விட்டுவிட்டுப் போன தொட்டி மீன் ஒரு வாரம் இருந்தது. கள்ளிச்செடி ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. யார் வீட்டிலும் எதற்கும் அசையாத மணி பிளான்ட், இவர் வீட்டில் இரண்டே மாதத்தில் கண்ணை மூடியது.

போன தடவை லீவில் வந்தபோது மணி பிளான்ட் இருந்த காலி பாட்டிலை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"உங்ககிட்ட விட்டுட்டுப் போனதுல எதுங்க உயிரோட இருந்திருக்கு?"

"நான் இருக்கேனே" என்றார் லேப்காரர்.

"அதுவும் சந்தேகமாத்தான் இருக்கு. கண்ணாடியில பார்த்தீங்களா, எப்படி இளைச்சுப் போயிருக்கீங்கன்னு."

திரும்பிப் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். "ஆறு லில்லிக் கிழங்கு குடுத்தனுப்பறேன். மூணு மாசம். இதையாவது உயிரோட வச்சிருந்தீங்கன்னா நான் கையெழுத்துப் போடாம வந்துடறேன். இல்லைன்னா இன்னும் மூணு வருஷம் இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை செய்யாமல் விட்டதில்லை. லேப்காரருக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

"வெளிநாட்டுப் பூவாச்சேம்மா. நம்ம வீட்டுல வெயிலே வராதே" என்று ஒரு நொண்டிச் சாக்கு சொல்லிப் பார்த்தார்.

"வெயில் வராததாலதான் அனுப்பறேன். மலைக்காட்டு லில்லிங்க. எங்க ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் குடுத்தார். மரத்தடி நிழல்லதான் வளருமாம். ஊதா நிறத்துல, புள்ளி புள்ளியா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பூக்கும். நம்ம கொல்லைக்குன்னே பொறந்தது."

கொல்லை என்பது சமையலறைக்குப் பின்னால் பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். ஒரு பக்கம் இவர்கள் சுவர், மறு பக்கம் அடுத்த கட்டடத்தின் மூன்று மாடிச் சுவர், தலைக்கு மேலே ஒரு பெரிய மரத்தின் கிளை. வெயில் ஒரு நாளைக்குப் பதினான்கு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். லேபிலிருந்து ஸ்டாப் வாட்ச் கொண்டுவந்து அவரே கணக்கெடுத்தது.

கிழங்குப் பெட்டியைக் கொண்டுவந்தவள் மனைவியின் வார்டில் வேலை பார்க்கும் சின்ன நர்ஸ். மூன்று மாத லீவில் ஊருக்கு வந்தவள். வாசலிலேயே நின்று பெட்டியை நீட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ள வாம்மா. தண்ணியாவது குடிச்சுட்டுப் போ."

"வேண்டாம்ணா. வண்டி நிக்குது."

தெருவில் ஒரு வண்டியும் இல்லை. நாலு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். "அண்ணா, முளைக்கலைன்னா மனசு கஷ்டப்படாதீங்க. வெளிநாட்டுச் சாமான். இந்த மண்ணு அதுக்குப் பிடிக்கணும்ல."

லேப்காரருக்குச் சுருக்கென்றது. மணி பிளான்ட் கதையை மனைவி ஆஸ்பத்திரி பூரா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. இவள் நம்மை வேவு பார்க்க வந்தவள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார். போனில் அவள் எண்ணைப் 'பொட்டலக்காரி' என்று பதிந்துகொண்டார்.

பெட்டிக்குள் ஈரப் பாசியில் உருட்டி நூலால் கட்டிய ஆறு உருண்டைகள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'பாசியைப் பிரிக்காமல் நடவும்.' அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. டியூட்டி அவசரத்தில் மனைவி எழுதியிருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறையும் அடி ஸ்கேல் வைத்து, ஒரே இடைவெளியில் நட்டார். லேபில் எதையும் நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். இதற்கும் ஒரு நோட்டுப் போட்டார். ஏழாம் நாள் பச்சை ஊசிகள் எட்டிப் பார்த்தன. 'காண்பன: ஆறு முளை. அறிவன: நான் அப்படியொன்றும் உதவாக்கரை இல்லை' என்று எழுதினார்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள்தான். முளைகள் ஒரு சாண் உயர்ந்ததும் வெளிறிப் போய், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. பள்ளிக்கூடத்து முனையில் குளிர்பெட்டி வைத்திருக்கும் பூக்கடைக்காரரிடம் ஓடினார்.

"லில்லிக்குக் கால் நிழல்ல இருக்கணும், தலை வெயில்ல இருக்கணும்னு சொல்வாங்க சார்" என்றார் பூக்கடைக்காரர். "கேள்விப்பட்டதைச் சொல்றேன். எனக்கு வெட்டின பூவைத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு நான் பார்த்ததே இல்ல."

பீரோக் கண்ணாடியைக் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்தார் லேப்காரர். பதினான்கு நிமிஷ வெயிலும் கண்ணாடியில் பட்டு, திரும்பி, கச்சிதமாக இரண்டு முளைகளின் தலையில் இறங்கியது. மூன்றாம் நாள் இரண்டும் கருகிச் சுருண்டன. எதிர்ச் சுவரின் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து, "யோவ், கண்ணு கூசுதுய்யா" என்று ஒரு குரலும் வந்தது.

வெயில் கோளாறு இல்லை, மண் கோளாறு என்று அடுத்தபடியாகத் தோன்றியது. லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்தார். புளிப்பு. சுண்ணாம்புக்கல் தூளைத் தூவினார். மிச்ச நான்கும் மஞ்சளடித்தன. தூள் அதிகமாகிவிட்டது என்று பதறி ஒரு பாட்டில் வினிகரைக் கவிழ்த்தார். பாத்தி முழுக்கப் புஸ்ஸென்று பொங்கி நுரைத்தது. பத்தொன்பது வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் இருந்தவருக்குச் சுண்ணாம்புக்கல்லில் வினிகர் ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது. நுரை அடங்கியபோது இன்னொன்று படுத்துவிட்டிருந்தது.

மூன்று போச்சு, மூன்று பாக்கி என்ற நிலையில் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, பாசியைப் பிரிச்சுட்டுத்தானே நட்டீங்க? பிரிக்காம வச்சா அழுகிடுமாம்."

"பிரி... பிரிச்சேனே."

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சீட்டைப் பார்த்தார். 'பிரிக்காமல்' என்றுதான் இருந்தது. எழுதினதை அவளே மறந்துவிட்டாளா, நம்மைச் சோதிக்கிறாளா? கேட்கலாமென்றால், பிரித்தேன் என்று வேறு சொல்லித் தொலைத்தாயிற்று. சீட்டு பக்கம் நிற்பதா, பெண்டாட்டி பக்கம் நிற்பதா என்று அரை மணி நேரம் யோசித்தார். குடித்தனம் பண்ணுகிற எவரும் எந்தப் பக்கம் நிற்பாரோ அந்தப் பக்கமே நின்று, இரண்டைத் தோண்டி எடுத்துப் பாசியைப் பிரித்தார். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே பாதிக்கு மேல் கூழாகிப் போயிருந்தது. மிச்சத்தில் உயிர் இருக்கிறதா என்று பிளேடால் கீறிப் பார்த்தார்.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், அவளை விமானம் ஏற்றிவிட்ட அன்றுகூட அவர் அழுததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டில் எழுதினார்: 'காண்பன: இரண்டும் அழுகல். கண்ணீர். அறிவன: அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது.'

எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அடிக்கத் தோன்றவில்லை. உண்மைதானே.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆறாவதும் கையோடு வந்தது. வாயிலிருந்து "விட்டுடுச்சு" என்ற சொல்லும் வந்தது.

போட்டோ கேட்டுவிட்டாளே. திங்கட்கிழமை பூக்கடைக்குப் போனார். குளிர்பெட்டியில் பெரிய வெள்ளை லில்லிகள் இருந்தன. ஆறு தண்டு வாங்கினார். லேபிலிருந்து ஆறு டெஸ்ட் ட்யூபைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். ட்யூபில் தண்ணீர், தண்ணீரில் தண்டு, ட்யூப் மண்ணுக்குள். பார்த்தால் மண்ணிலிருந்தே கிளம்பிய மாதிரி இருந்தது. போட்டோ பறந்தது.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. "ஏங்க, இது வெள்ளையா இருக்கே. நான் அனுப்பினது ஊதா."

"முதல்ல வெள்ளையா இருந்து அப்புறம் நிறம் ஏறும் போல."

"மேல பார்த்துக்கிட்டு நிக்குது. அது தலை குனிஞ்சுல்ல பூக்கும்."

"இப்பத்தானேம்மா பூத்திருக்கு. போகப் போகக் குனியும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வீடியோவுல காட்டுங்க."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்போது ஆறு நாளைக்குள் வெள்ளையை ஊதாவாக்க வேண்டும், நிமிர்ந்ததைக் குனிய வைக்க வேண்டும். லேப் அலமாரியில் ஜென்சியன் வயலட் என்ற ஊதாச் சாய மருந்து இருந்தது. ட்யூபுக்குப் பத்துச் சொட்டு விட்டார். இரண்டு நாளில் நிறம் நரம்பு நரம்பாக ஏறி, இதழில் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. கழுத்தில் மெல்லிய நூலைக் கட்டி, மறுமுனையைக் குச்சியில் முடிந்து தலையைக் குனிய வைத்தார். தற்செயலாகவோ தலைவிதியாகவோ, அசல் மலைக்காட்டு லில்லி மாதிரியே அமைந்துவிட்டது.

அவருடைய பத்து விரலும் ஊதா. மறுநாள் லேபில் கெமிஸ்ட்ரி வாத்தியார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கைக்கு என்னய்யா ஆச்சு?"

"மருந்து சார். அரிப்பு."

"ஸ்டாக்கில ஆறு டெஸ்ட் ட்யூப் குறையுதே."

லேப்காரர் தரையைப் பார்த்தார். "உடைஞ்சிடுச்சு சார்."

"உன் கையாலயா?"

"என் கையாலதான்."

வாத்தியார் நம்ப முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பத்தொன்பது வருஷப் பேர் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. மனைவியிடம் சொன்ன பொய்களைவிட இதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் அசந்து போனாள். "புள்ளிகூட வந்திருக்குங்க" என்றாள். "கிட்டப் போய்க் காட்டுங்க."

"கிட்டப் போனா வெட்கப்படும்மா. தள்ளியே பாரு."

திங்கட்கிழமை மறுபடியும் போன். "நேத்து நீங்க காட்டின வீடியோவைப் போன்லயே பதிஞ்சு வச்சுத் தோட்டக்காரர்கிட்ட காட்டினேன். இந்த லில்லி புது மண்ணுல நின்னு பூக்க ரெண்டு வருஷமாவது ஆகுமாம். நீங்க மூணு மாசத்துல எப்படிப் பண்ணீங்கன்னு தலையைப் பிச்சுக்கறார். உங்க கை ராசியான கைன்னு சொல்றார்."

"என் கையா?"

"வார்டு பூரா இதே பேச்சுத்தான். எனக்கு எவ்வளவு பெருமையா இருக்குன்னு தெரியுமா?"

லேப்காரர் ஊதா விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கலாம், தாங்கிக்கொள்ளலாம். பொய்யைச் சொல்லிவிட்டுப் பாராட்டு வாங்குவது இருக்கிறதே, அதைப் பகையாளிக்குக்கூட நினைக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் பொட்டலக்காரி கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அண்ணா, அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க."

"ஆமா, நான் காட்டினதுதான்."

"அது... நான் கொண்டு வந்து குடுத்ததுலேர்ந்துதான் வந்துச்சா?"

கண்டுபிடித்துவிட்டாள். "வேற எதுலேர்ந்து வரும்?" என்றார் விறைப்பாக.

"பாசியைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

இதென்னடா வம்பு. பிரித்தேன் என்றால் சீட்டு இடிக்கும், பிரிக்கவில்லை என்றால் பெண்டாட்டி இடிப்பாள். "அதெல்லாம் முறைப்படி பண்ணியாச்சு" என்று வழுக்கினார்.

"ஆறுமா பூத்துச்சு?"

"ஆறும்."

"சத்தியமா?"

"என்னம்மா இது, போலீஸ் விசாரணை மாதிரி. சத்தியமா."

"எனக்குத் தலை சுத்துதுண்ணா. வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே லேப்காரர் முதலில் பொட்டலக்காரியா என்று பார்த்தார். அவள் நேரில் வந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது கதை. கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். பூக்கள் மூன்று நாளைக்கு ஒரு முறை வாடும். புதுத் தண்டு வாங்கி, நிறம் ஏற்றி, கழுத்தில் நூல் கட்டி நட்டார். செத்ததை இத்தனை சிரத்தையாக வளர்க்கிற நாம், உயிரோடு இருந்தபோது இதில் பாதி கவனம் காட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அடுத்த வாரம் குண்டு விழுந்தது. மனைவி செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டாள். பின்னால் ஏதோ அறிவிப்புச் சத்தம்.

"விமான நிலையத்துல இருக்கேங்க. பூ உதிர்றதுக்குள்ள பார்த்துடணும்னு லீவைச் சேர்த்துப் போட்டுட்டேன். நாளைக்குக் காலைல வந்துடுவேன். தங்கச்சி என்னை அழைச்சுக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கா, நீங்க அலைய வேண்டாம்."

"எந்தத் தங்கச்சி?"

"கிழங்கு கொண்டு வந்து குடுத்தாளே, அவதான். உடனே வர்றேன்கா, நானும் அந்தப் பூவைப் பார்த்தே ஆகணும்னு சொன்னா."

இருந்த பூக்கள் முந்தின நாள்தான் உதிர்ந்திருந்தன. பூக்கடைக்கு ஓடினார். வெள்ளை தீர்ந்துவிட்டது, வெளிர் ரோஸ்தான் இருந்தது. நிறம் ஏற இரண்டு நாள் வேண்டும், கையில் இருப்பதோ ஒரே நாள். பத்துச் சொட்டுக்குப் பதில் நாற்பது சொட்டு விட்டார். புதன்கிழமை விடிந்தபோது ஆறும் கன்னிப்போன கத்தரிக்காய் மாதிரி கருநீலத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டின் இதழ் ஓரம் சுருங்கத் தொடங்கியிருந்தது. நூலை இழுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

சொல்லிவிடலாம் என்று பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார். வேண்டாம் என்று குளிக்கும்போது மாற்றிக்கொண்டார். சட்டை போடும்போது மறுபடியும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பொத்தானை மாற்றிப் போட்டதுதான் மிச்சம். வாசலில் கார் நின்றது.

மனைவி செருப்பைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை. "எங்கே?" என்று கேட்டுக்கொண்டே சமையலறை வழியாக நேரே கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு பொட்டலக்காரி. இருவருக்கும் பின்னால், பேயறைந்தவர் போல லேப்காரர்.

சரியாக அந்தப் பதினான்கு நிமிஷ வெயில் கொல்லைக்குள் இறங்கியிருந்தது. ஆறு லில்லிகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. குற்ற உணர்ச்சியில் நிற்பது போல அவருக்குப் பட்டது.

அவள் பக்கத்தில் போகவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். தோள் குலுங்கியது.

"நான் நம்பலைங்க" என்றாள். "வீடியோவைப் பார்த்தப்பகூட மனசுக்குள்ள முழுசா நம்பலை. எங்கேயோ கடையில வாங்கி வச்சிருப்பீங்கன்னு ஒரு நினைப்பு. எவ்வளவு கெட்ட புத்தி பாருங்க எனக்கு."

"இல்லம்மா, அது வந்து..."

"பேசாதீங்க. நான் சொல்லிடறேன். நாலு நாளைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டேன், இனிமே கையெழுத்துப் போட மாட்டேன்னு. வேலையை விட்டாச்சு. அந்த மண்ணுல வளர்ந்ததை இந்த மண்ணுல இப்படி உயிரோட வச்சிருக்கிற மனுஷனை விட்டுட்டு நான் எதுக்கு அங்க கிடக்கணும்?"

வேலையை விட்டாச்சு. ஆறு டெஸ்ட் ட்யூபை நம்பி அவள் பிழைப்பையே உதறிவிட்டு வந்து நிற்கிறாள். இவள் இனிமேல் நம்மோடுதான் இருக்கப் போகிறாள் என்ற சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது. அது வெளியே வர முடியாமல் பொய் குறுக்கே நின்றது. இந்தப் பொய்யோடு இவள் முகத்தைத் தினமும் எப்படிப் பார்ப்பது. இதற்குமேல் தாங்காது. இப்போதே சொல்லிவிட வேண்டும். திட்டட்டும், அடிக்கட்டும், அடுத்த விமானத்தில் திரும்பிக்கூடப் போகட்டும்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

அவள் அதைக் கேட்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவருகில் நின்ற பொட்டலக்காரியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "ஏண்டி, அங்கேயே நிக்கறே? வந்து பாரு. அவ்வளவு தூரம் உன் மடியிலேயே வச்சுக் கொண்டு வந்தியே, அந்தக் கிழங்குதான். நீ மட்டும் அதைப் பத்திரமா சேர்க்கலைன்னா இன்னிக்கு நான் இங்க நிப்பேனா?"

பொட்டலக்காரியின் கையிலிருந்து பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. பூக்களைப் பார்த்தாள். லேப்காரரைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல, வெளிநாட்டுக் கிழங்கை உள்ள விடக் கூடாதுன்னு உங்க ஆறையும் ஏர்போர்ட்லயே பிடுங்கிக் குப்பையில போட்டுட்டு வெறும் பாசியை மட்டும் திருப்பிக் குடுத்தாங்க, அண்ணா முன்னாடி வெறுங்கையோட போய் நிக்கப் பயந்துக்கிட்டு நான் அந்தப் பாசிக்குள்ள வச்சுக் கட்டிக் குடுத்தது வெங்காயம்க்கா."